வரப்போகிற படம்

அம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஞாயிற்றுக்கிழமை யார் எந்தப் படம் பார்ப்பது என்று முடிவு செய்தது பக்கத்து வீட்டு அத்தைதான். முதலாளிக்குக்கூட அங்கே அவ்வளவு செல்வாக்குக் கிடையாது. தினமும் மதியத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. மிஷின்கள் நின்றதும் டெய்லர்கள் எல்லாம் செக்கிங் டேபிளைச் சுற்றி வந்து உட்காருவார்கள். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டக் கரண்ட் வேண்டாம் என்பதால் அத்தையின் கையில் கத்தரி ஓடும், வாயில் படம் ஓடும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நானும் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைமேல் ஏறிக்கொள்வேன்.

அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. தெற்கே எங்கிருந்தோ ஒற்றைப் பையோடு வந்து, எங்கள் லைன் வீட்டில் அடுத்த அறைக்குக் குடிவந்தவள். யார் கேட்டாலும் மூன்று படம் சொல்வாள். ஒன்று பழையது, சி.டி. கடையில் எடுத்து வந்து மாமியாரோடு உட்கார்ந்து அழுவதற்கு. ஒன்று புதியது, புருஷனோடு தியேட்டருக்குப் போவதற்கு. இரண்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். மூன்றாவது இன்னும் வராத படம். அது மட்டும் எல்லோருக்கும் ஒரே படம்தான்.

அதில் ஒருத்தி அடி பொறுக்க முடியாமல் புருஷனை விட்டுத் தூர ஊருக்கு ஓடிவந்து வேலை பார்க்கிறாள். அவன் தேடிக்கொண்டு வருகிறான்.

"மீசைய முறுக்கிட்டு வரமாட்டான். தலையப் படிய வாரி, சிரிச்சிக்கிட்டே வருவான். வலது கையில வாட்ச் கெட்டிருப்பான். கையில காராச்சேவு பொட்டலம். பெரியாளுககிட்ட கேக்க மாட்டான். வாசல்ல நிக்குத சின்னப்புள்ளட்டதான் கேப்பான்."

"அந்தப் புள்ள என்னங்கத்தை சொல்லுச்சு?" என்பேன்.

"அது அந்தப் புள்ள கையிலல்லா இருக்கு" என்று என்னைப் பார்ப்பாள். பிறகு அடுத்த பனியனை எடுப்பாள்.

அந்த ஆளை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது. பேய்க்குப் பயந்தால் கையில் கயிறு மந்திரித்துக் கட்டலாம். தலை வாரிச் சிரிக்கிறவனுக்கு என்ன கயிறு கட்டுவது? கக்கூஸுக்குக்கூட அம்மா துணைக்கு வந்தால்தான் போவேன்.

ஒரு சனிக்கிழமை கரண்ட் போன நேரம். ஐஸ் வண்டி வருகிறதா என்று கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தார். ஒருவன் வந்து என் முன்னால் குனிந்தான்.

"பாப்பா, இந்த அக்கா இங்கனயா வேல பாக்காவ?"

அவன் நீட்டிய போட்டோவில் பட்டுச்சேலையும் மாலையுமாக அத்தை நின்றாள். போட்டோவைப் பிடித்திருந்த வலது கையில் வாட்ச் இருந்தது. இன்னொரு கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். சிரித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படம் வருவதற்கு முன்பே கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் அத்தையைப் பிடித்துப்போக ஆள் வந்திருக்கிறது. மிஷின் ஓடாத கம்பெனியில் உள்ளே பேசுவது கேட்டுக்கு நன்றாகவே கேட்கும். அத்தையின் குரல் யாருக்கோ பழைய படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் காதைக் கொடுத்துத் தலையைச் சாய்த்தான்.

"இல்லீங்க. இங்க அப்படி யாருமே இல்லீங்க" என்றேன். சொன்ன கையோடு அழுகை வெடித்துவிட்டது. தந்திரம் ஒன்றுமில்லை, பயம்தான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓலமிட்டேன். உள்ளே குரல் நின்றது. எதிர்க் கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன் அழுத? நான் ஒண்ணும் செய்யலயே" என்று பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, அவன் அடுத்த கம்பெனிப் பக்கம் நடந்தான்.

ஓடிவந்த அம்மா என்னை உள்ளே இழுத்துப்போனாள்.

"இது யாரு கண்ணு குடுத்தது?"

"அத்தை சொல்ற படத்துல வர்ற ஆளுங்கம்மா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். அம்மா பின்வாசலுக்கு ஓடி, துணி ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரரிடம் என்னவோ சொன்னாள். துணி மூட்டைகளுக்கு நடுவில் ஏறுவதற்கு முன், அத்தை என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மறுநாள் பக்கத்து அறையில் வேறு ஆட்கள் குடிவந்தார்கள்.

அந்தப் படத்துக்காக நான் வெகுநாள் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டிய போஸ்டர்களில் படிய வாரிய தலையைத் தேடுவேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். அம்மா பிசிறு வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது வந்துட்டுப் போயிருச்சு கண்ணு."

என்னை விட்டுவிட்டு அம்மா மட்டும் தியேட்டருக்குப் போய்வந்துவிட்டாள் என்று, அன்று ராத்திரி நான் சோறு தின்னவில்லை.