சாயத்தண்ணியும் குளிசையும்

அம்மா மூன்று வருடமாக யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டால் கால் வலி என்பார். கொழுந்து பறிக்க மலை ஏறும்போது மட்டும் அந்தக் கால் வலி எங்கே போகுமோ தெரியாது. எனக்குப் பொய் பிடிக்காது. அதிலும் சாமர்த்தியமில்லாத பொய் என்றால் எரிச்சலே வரும்.

ஒருநாள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பால்மா டின் அகப்பட்டது. திறந்தால், உள்ளே உருண்டை உருண்டையாக அம்மாவின் முடி.

"சவரி கட்டலாம்னு சேத்து வச்சேன்," என்றார், பிடிபட்டுப்போன முகத்தோடு.

அவர் தடுப்பதற்குள் முக்காட்டை இழுத்துவிட்டேன். கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்துகிற உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. மற்ற இடங்களிலும் தோல் தெரிந்தது. விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நகங்கள் நடுவில் குழிந்து, ஓரத்தில் பிளந்திருந்தன. வீட்டுக்குள்ளும் முக்காட்டோடு இருந்தது குளிருக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"இந்தத் தலைய வச்சிக்கிட்டு நாலு பேரு முன்னால வரமாட்டேன். இனிமே என்னைய எங்கயும் கூப்பிடாத."

நான் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்படிப்பட்டவள் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். நானோ போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோல், முடி, நகம் மூன்றுக்கும் தினம் விழுங்க ஒரே குளிசை. இரும்புச் சத்து, துத்தநாகம், பயோட்டின் என்று போத்தலில் பெரிய பட்டியல். பட்டியலைக் கண்டதும் படித்தவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பார்சல் வந்த அன்றே அம்மாவின் கையில் ஒன்றை வைத்தேன். கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன்.

எங்கள் லயத்தில் எந்தக் குளிசையும் சாயத்தண்ணியோடுதான் உள்ளே போகும். பாலில்லாமல், கறுப்பாக, கடுப்பாகக் கொதித்த தேயிலை. தலைவலிக் குளிசை, காய்ச்சல் குளிசை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற குளிசை, எதுவானாலும் அதுதான். வெறும் தண்ணீரில் விழுங்கினால் பாதி மருந்து வீணாகிவிட்டது மாதிரி எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. எனக்கும்தான்.

மூன்று மாதம் ஓடிப்போனது. டின்னில் உருண்டைகள் கூடின. அம்மா மேடேறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரத்தம் சோதித்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த சிங்கள டாக்டரம்மா அளந்தளந்து தமிழ் பேசினார்.

"இரும்பு நல்லாக் கொறைவு. குளிசை எதோட குடிக்கிறது, அம்மா?"

"சாயத்தண்ணியோடதான் மிஸ். வேற எதோட போடுறது?"

டாக்டரம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது என்றார். இரும்புக் குளிசை தனியாக எழுதித் தந்து, தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு போடச் சொன்னார். சாயத்தண்ணி இரண்டு மணித்தியாலம் தள்ளி. கயிறு அழுந்திய இடத்தில் முடி பழையபடி வருமென்று சொல்ல முடியாது, மற்ற இடங்களில் வரும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்குச் செங்குருதிக் கலத்தைக் கரும்பலகையில் வரைந்து, இரும்பின் பெருமையை நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் தேயிலை மலையைத்தான் முறைத்துக்கொண்டு வந்தார்.

"முப்பது வருசமா இதுக்குத்தான் ஒழைக்கிறேன். எனக்கே இப்பிடிப் பண்ணிருச்சே!"

அதற்குப் பிறகு பட்ட பாடு சாதாரணமல்ல. குளிசை போடுவது சுலபம். காலைச் சாயத்தண்ணியைத் தள்ளிப்போடச் சொன்னால் வீடு இரண்டுபடும். ஆனால் அம்மா பிடிவாதக்காரி, அந்தப் பிடிவாதம் முதல்தடவையாக என் பக்கம் நின்றது. கூடைக் கயிற்றைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். முதலில் மூச்சு வாங்குவது நின்றது. பிறகு நகங்கள் அடியிலிருந்து நேராக முளைத்தன. ஐந்தாம் மாதம் காதோரமும் பிடரியிலும் விரல் நீளத்துக்குப் புதுமுடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. உச்சி மட்டும் அப்படியே இருந்தது. முக்காடும் இறங்கவில்லை. எங்கள் பாடசாலைப் பரிசளிப்புக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. எனக்கு ஆறவேயில்லை.

விடுமுறையில் ஒருநாள் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இரும்புக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சாயத்தண்ணிப் போத்தலைத் திறந்தாள்.

"அதோட போடாத புள்ள," என்றார் அம்மா.

அவள் சிரித்தாள். "சாயத்தண்ணி குடிச்சே வளந்தவங்க நாம. அது என்னாக்கா செஞ்சிரும்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் வெளுத்த நகங்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முக்காட்டை அவிழ்த்து மடியில் போட்டார். கங்காணி நிற்கிறார், தராசுக்காரர் நிற்கிறார், இருபது பெண்கள் இருக்கிறார்கள். அம்மா அவள் முன்னால் தலையைக் குனிந்தார்.

"நல்லாப் பாரு. உச்சியில போனது போனதுதான். இந்தப் பக்கம் இருக்கே, இது தேசிக்காய்த் தண்ணியோட குளிசை போட ஆரம்பிச்ச பொறகு வந்தது. தொட்டுப் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தயங்கித் தயங்கித் தொட்டாள். போத்தலை மூடி வைத்துவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்து வந்தாள், "எங்க காட்டுக்கா, நானும் பாக்குறேன்" என்று. பிறகு இன்னொருத்தி. அம்மா ஒவ்வொருத்திக்கும் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து நிறுத்து முடியும்வரை அவர் முக்காட்டைத் தேடவே இல்லை.