சீனிக்காரனின் சைக்கிள்

ஐம்பது கடந்த ஒருவன் தொடையைப் பிடிக்கிற கால்சட்டை போட்டுக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாக வீட்டைவிட்டுப் புறப்பட்டால் எங்கள் ஊர் கல்லடியில் என்ன நினைப்பார்கள்? உடம்பைக் கவனிக்கிறான் என்று மட்டும் நினைக்கவே மாட்டார்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் எல்லோரும்தான் சைக்கிள் மிதித்தோம். அப்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோல் திரும்பி வந்த பிறகு, வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்க, அதைத் தாண்டி நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன் பாருங்கள், அன்றைக்குத் தொடங்கியது வில்லங்கம்.

முன்வீட்டில் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் இருக்கிறார். காலையில் கேற்றடியில் பேப்பரோடு நின்று என்னை மறிப்பார்.

"எங்க தம்பி வெள்ளாப்பில?"

"சும்மா, ஒரு சுத்துச் சுத்திட்டு வாறன்."

"சும்மாவோ?" பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைப்பார். "சோழியன் குடுமி சும்மா ஆடாது தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் வாங்கப் போகிறேன் என்றால் விடுவார். செத்த வீட்டுக்கு என்றாலும் விடுவார். சும்மா போகிறவனை மட்டும் விடமாட்டார். அவர் கணக்கில் சும்மா போகிறவன் ஒன்றில் காணி பார்க்கிறான், இல்லாவிட்டால் ஆள் பார்க்கிறான்.

உண்மை இவ்வளவுதான்: எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. குளிசை விழுங்குவதோடு நிற்கவேண்டுமென்றால் உடம்பை அசை, இல்லாவிட்டால் ஊசிதான் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார். நடப்பதற்கு எனக்குப் பொறுமையில்லை. நடக்கிறவனைக் கடைக்குக் கடை பிடித்துவைத்துக் கதைப்பார்கள். சைக்கிளில் போகிறவனைப் பிடிக்க ஏலாது. அதனால் டவுனில் ஒரு கடையில், ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அதை விற்றவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து, இது கொலை நடந்த சைக்கிளோ என்று நானே இரண்டு நாள் சந்தேகப்பட்டேன்.

மருந்துக்கு வாங்கியது பிறகு பைத்தியமாகிப் போனது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பேன். சீற்றை அரை விரல் உயர்த்துவேன், ஓடிப் பார்ப்பேன், பாதம் மரத்தால் திரும்பக் கொஞ்சம் இறக்குவேன். மிதிப்பதை நிறுத்தினால் பின்சில்லில் ஒரு சின்னச் சத்தம் வரும். வலையிறவுப் பாலத்து இறக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே காலை ஓயவிடுவேன். பாலம் தாண்டினால் வவுணதீவுப் பக்கம். வெட்டி முடிந்த வயல் வட்டையில் எருமை நிற்கும், வாவிக் காற்று முதுகில் தள்ளும். ஊரில் ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரு மணித்தியாலம் அது. அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நான் பொய் சொல்லவும் தயாராக இருந்தேன்.

இரவில் போனில் செயின் துடைக்கிற வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி எட்டிப் பார்ப்பாள்.

"ஆரோட சிரிக்கிறீங்க?"

"டயரோட."

"ஓமோம். டயருக்கும் ஒரு பேர் இருக்கும்தானே."

அவளுடைய குணம் அப்படி. கடையில் நிறுத்த அரிசியை வீட்டில் திரும்பவும் நிறுப்பாள். கிளினிக்குக்கு என்னைத் தனியே விடமாட்டாள். "டொக்டர் சொல்றதுல பாதிய நீங்க வாசல்லயே போட்டுட்டு வருவீங்க" என்பாள். உள்ளே நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் நேர்ஸ் சொல்வதை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வீடும் அவளுடையது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். ஆகையால் சண்டை வந்தால் வெளியே போகும் உரிமை முழுவதும் எனக்கே.

சைக்கிள் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் ஒரு காலை, வட்டைக்கு நடுவில் எனக்குக் கை நடுங்கியது. வேர்வை குளிர்ந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு பசி, மண்ணையும் தின்னலாம் போல. ஒரு பெட்டிக்கடையில் டொபி வாங்கி வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. குளிசையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மிதித்தால் இரத்தத்தில் சீனி கீழே விழும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் டொக்டரிடம் சொன்னால் ஓடாதே என்பார். மனைவியிடம் சொன்னால் சைக்கிளை அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை ஒளித்துவிடுவாள். பெரிய கெட்டிக்காரன் நான், ஒருவருக்கும் மூச்சுவிடாமல் மேற்சட்டையின் பின்பைக்குள் நாலைந்து டொபி வைத்துக்கொண்டு ஓடப் பழகினேன்.

டொபி தின்றவன் அதன் கடதாசியை எறிந்திருக்க வேண்டும். வாவிக்கரையில் குப்பை போடக்கூடாது என்று பைக்குள்ளேயே வைத்தேன். உடுப்புக் கழுவும்போது அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இதென்ன?"

"டொபிக் கடதாசி."

"அது தெரியுது. ஆருட புள்ளைக்கு டொபி வாங்கிக் குடுக்கிறீங்க?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஒரு புள்ளைக்கும் இல்ல. நான்தான் திண்டன்."

"சீனி வருத்தக்காரனுக்கு டொபியோ? அதுக்கோ விடியப்பறம் ஒழும்பி ஓடுறீங்க?" ஈரக் கையை இடுப்பில் வைத்தாள். "ஒண்டில் நீங்க களவாத் திங்கிறீங்க, இல்லாட்டி படுவான்கரையில ஒரு குடும்பம் வச்சிருக்கிறீங்க. எது எண்டு நான் பிடிக்கிறன்."

படுவான்கரை என்று எங்கள் ஆட்கள் வாவிக்கு மேற்குப் பக்கத்தைச் சொல்வார்கள், சூரியன் படுகிற கரை. என் மனைவியின் மனதில் அங்கே எனக்கு ஒரு வீடும், ஒரு பெண்ணும், டொபி கேட்டு அழுகிற ஒரு குழந்தையும் அன்றைக்கே உருவாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஓடுகிற நேரமெல்லாம் போன் அடிப்பாள். "எங்க நிக்கிறீங்க? பக்கத்துல என்ன சத்தம்?" மாடு கத்தினாலும் அது ஆருடைய மாடு என்று கேட்பாள்.

பிறகு ஒரு காலை. வவுணதீவு தாண்டி உள்வீதியில் போய்க்கொண்டிருந்தேன். நடுக்கம் முதலில் விரலில் வந்தது. அவசரப்படவில்லை, பின்பைக்குள் கையை விட்டேன். வெறும் பை. மற்றப் பக்கம் விட்டேன். அதுவும் வெறுமை. எனக்கு உடனே விளங்கிவிட்டது: முதல்நாள் இரவு அவள் பையைத் துழாவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போகச் சைக்கிளைத் திருப்பினேன். வீதி இரண்டாகத் தெரிந்தது. ஒரு வளவு வேலியில் சாய்ந்து, அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டேன்.

முற்றத்தில் ஒரு பெண் தயிர்ச் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். மண்வெட்டியோடு புறப்பட்ட அவளுடைய புருசன்தான் என்னை முதலில் கண்டான்.

"இஞ்ச பாரு, விடியக்குள்ளயே கசிப்பு ஊத்திட்டு வந்து விழுந்து கிடக்கான்."

"உடுப்பப் பாருங்க, கோமாளி மாதிரி" என்றாள் அவள். "கள்ளனோ தெரியாது. கிட்டப் போகாதீங்க."

பனைமரத்தின் கீழிருந்து பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நானோ பாலும் குடிக்கவில்லை. வாயைத் திறந்து நியாயம் சொல்லப் பார்த்தேன். நாக்குத் தடித்துப்போய்ப் புரளவில்லை. கடைசியில் வந்தது ஒரே சொல்தான்.

"எனக்கு… சீனி… சீனி…"

எங்கள் தமிழில் தேத்தண்ணிக்குப் போடுவதும் சீனி, அந்த வருத்தத்துக்கும் பெயர் சீனி. எனக்குச் சீனி என்று ஒருவன் சொன்னால், சீனி வருத்தம் இருக்கிறது என்றுதான் எவரும் எடுப்பார்கள். அவள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, இது குடியில்லங்க, சீனிக்காரர்! தூக்குங்க!"

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். புருசனுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணிக் கோப்பை பக்கத்திலேயே இருந்தது. அவள் அதை எடுத்தாள். என் உயிர் முழுவதும் அந்தக் கோப்பையில் நின்றது. கிட்டக் கொண்டுவந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஐயையோ, இதுல சீனி போட்டிருக்கு." நேரே போய் வாழையடியில் ஊற்றிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கண்ணீரும் வேர்வையும் ஒன்றாக வடிந்தன. அவள் புதிதாக வெறும் சாயத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து என் வாயில் பருக்கினாள்.

"சீனி… போடு…" என்றேன்.

"போடல்ல தம்பி, ஒரு துளியும் போடல்ல. பயப்படாம குடிங்க."

என்னைக் காப்பாற்றுவதற்கு அவள் அவ்வளவு பாடுபட்டாள். அந்த நல்ல மனதாலேயே நான் செத்துக்கொண்டிருந்தேன். கூரைத் தகடு கீழே இறங்கி வருவதுபோல இருந்தது. அப்போது என் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஹலோ?"

அந்தப் பக்கம் இருந்து, "நீ ஆர்?" என் மனைவியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. அரை மயக்கத்திலும் எனக்குக் கேட்டது.

"நான் வவுணதீவுல இருந்து கதைக்கிறன். இவர் எங்கட வீட்டுல பாயில படுத்திருக்கார்."

வெளியூர்க்காரர் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றிக் கட்டிவிட்ட ஒரு கதை உண்டு. மருந்து வைத்து ஆணைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். கேட்டால் நாங்களே சிரிப்போம். அந்தக் காலையில் என் மனைவி சிரித்திருக்க மாட்டாள்.

"என்ன சொல்றாய்? ஆருட வீட்டுல? எவ்வளவு காலமா?"

"இப்பதான்கா கொண்டுவந்து கிடத்தினம். சீனி வருத்தமாம். வேர்த்து ஊத்துது, உடம்பு குளுந்துபோய்க் கிடக்கு, கை நடுங்குது. கதை வருதில்ல. நான் ஒரு துளி சீனியும் குடுக்கல்ல, நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க."

ஒன்றுமே கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு என் மனைவி கத்தினாள் பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் கேட்டதேயில்லை.

"சீனியக் குடுங்க! இப்பவே குடுங்க!"

"சீனி வருத்தக்காரருக்கோ?"

"ஓம் கா, ஓம்! அவருக்குச் சீனி குறைஞ்சு போச்சு! நேர்ஸ் சொன்ன அதே குணங்குறி. கெதியாக் கரைச்சு வாயில ஊத்துங்க! ஐயோ, அதுக்குத்தான் அந்த டொபி. நாந்தானே எடுத்துப் போட்டன், நாந்தானே…"

அந்தப் பெண் போனைப் பாயில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சீனிப் போத்தலோடு வந்தாள். தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். அவள் புருசன் என் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். போனுக்குள் என் மனைவி "குடிக்கிறாரா? குடிக்கிறாரா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். இரண்டாவது கோப்பை பாதியாகும்போது கூரை திரும்பத் தன் இடத்துக்குப் போனது. "குடிக்கிறன்" என்று நானே சொன்னேன்.

என் மனைவி போனில் வழி கேட்டுக் கேட்டு ஓட்டோ பிடித்து வந்து இறங்கினாள். தலை வாரவில்லை, கால் இரண்டிலும் வேறு வேறு செருப்பு. அந்தப் பெண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள், பழக்கதோசம். பிறகு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண், "நான் சீனித் தேத்தண்ணிய வாழைக்கு ஊத்திட்டன்கா, என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் அழ, நானும் அந்த மனிதனும் சைக்கிளை ஓட்டோவின் பின்னால் கட்டினோம். "நல்ல சாமான். எத்தின கியர்?" என்று கேட்டான். சொன்னேன்.

கிளினிக்கில் விளங்கச் சொன்னோம், டொக்டர் என்னை ஏசிவிட்டுக் குளிசையைக் குறைத்தார். அது அடுத்த நாள். அன்று ஓட்டோவில் எனக்கு விழவேண்டிய ஏச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பாலமும் வந்துவிட்டது. அவள் என் மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

"என்ன, ஏசல்லையா?" என்று கேட்டேன்.

அவள் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு பொம்புள போன எடுத்து, பாயில படுத்திருக்கார் எண்டு சொல்லக்குள்ள எனக்கு நெஞ்சு பத்திச்சு. மறுகா அவ, உடம்பு குளுந்துபோய்க் கிடக்கு எண்டு சொன்னா. அப்ப நான் பிள்ளையாரக் கும்பிட்டன், அவ இவர்ர தொடுப்பாவே இருக்கட்டும், அங்கேயே அவவோடயே இருக்கட்டும், உசிரோட இருந்தாப் போதும் எண்டு."