வல்கன் சாமி

மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் இன்று ரப்பர் தீயும் வாடை வந்ததும் நின்றுவிட்டேன்.

நான் பள்ளியில் படித்தபோது அப்பா தாராவியில், டயர் ஓட்டையில் ரப்பரை வைத்துச் சூட்டில் ஒட்டும் வல்கனைசிங் கடையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். டீச்சர் சொன்னதை அவரிடம் பெருமையாக ஒப்பித்தேன்.

"யப்பா, வல்கன்னா ரோமாபுரியில அக்கினி சாமி. இங்கிலீஷ்ல எரிமலைக்கும் அவரு பேருதான், ஒங்க வேலைக்கும் அவரு பேருதான்."

"ஏட்டி, சாமி பேரா? இத்தன வருசமா செருப்போடல்லா நின்னுருக்கேன்."

மறுநாளிலிருந்து அவர் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டே வேலை பார்த்தார். நான் சிரித்தேன், தடுக்கவில்லை. ஒரு மழைநாளில், டயரை அழுத்தி ஒட்டிவிட்டுத் தரையில் இறக்கிவைத்த சூடான இரும்பு அச்சை வெறுங்காலால் மிதித்துவிட்டார். பாதம் வெந்து, அன்றிலிருந்து நொண்டித்தான் நடக்கிறார்.

அந்தச் சாமியும் நொண்டி என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதை மட்டும் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.