பஸ்ஸில் எழுதிய இருபத்தெட்டு நாட்கள்

நான் கணித ஆசிரியன். ஒரு மாத வீட்டுவேலையை ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளை மையின் நிறத்தை வைத்தே பிடித்து, கொப்பியைத் திருப்பி எறிகிறவன். அப்படிப்பட்ட நான், இருபத்தெட்டு நாளுக்குரிய என் மனநிலையைக் குருக்கள்மடத்தில் பஸ் ஏறி மட்டக்களப்பில் இறங்குவதற்குள் எழுதி முடித்தேன்.

எனக்கு இருமுனைக் கோளாறு. மனம் சில மாதம் எழும்பவே மாட்டேன் என்று படுத்திருக்கும். சில கிழமை கூரைமேல் ஏறி நிற்கும். சென்ற முறை கூரையேறியபோது மோட்டார் சைக்கிளில் வவுணதீவுக்குப் போனேன். மூன்று நாள் வயல் வட்டை ஒவ்வொன்றிலும் நின்று, பிறந்ததிலிருந்து வயலில் கிடக்கிறவர்களுக்கு நெல் விளைவிப்பது எப்படி என்று வகுப்பெடுத்தேன். என் வீட்டில் கறிவேப்பிலைகூட வளர்ந்ததில்லை. கடைசியில் மனைவியின் தம்பி உழவு இயந்திரத்தோடு வந்து, அதன் இழுவைப் பெட்டியில் முதலில் மோட்டார் சைக்கிளையும் பிறகு என்னையும் ஏற்றினான். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பும் திறப்பு மனைவியின் கைப்பையில்.

அதை மீட்பதே என் வாழ்வின் இலட்சியமாயிற்று. டொக்டர், என்னிடம் படித்த பெண்பிள்ளை, ஒரு வழி சொன்னார். கைபேசியில் ஒரு செயலி. எத்தனை மணி நேரம் தூங்கினேன், மருந்து போட்டேனா, மனம் எப்படி என்று தினமும் காலையில் பதிய வேண்டும். மனதுக்குக் கீழே மூன்று முதல் மேலே மூன்று வரை புள்ளி, நடுவில் பூச்சியம். ஒழுங்காகப் பதிந்தால் திறப்பைப் பற்றிப் பேசலாம்.

கிளினிக் நாளன்று பஸ்ஸில்தான் அது நினைவுக்கு வந்தது. யன்னலோரம் இடம் கிடைத்திருந்ததால் மாதத்தின் முற்பாதி மேலே ஒன்றாக அமைந்தது. காத்தான்குடியில் ஏறிய ஒருவர் என் காலை மிதித்தார். மூன்றாம் கிழமை கீழே ஒன்று. கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்றுப் பட்டுச் சமநிலை அடைந்தேன்.

டொக்டர் வரைபடத்தைப் பார்த்தார்.

"வடிவா இரிக்கு, சேர். ஆனா இருபத்தெட்டு நாளையும் இண்டைக்கு எட்டுப் பத்துக்கும் எட்டு நாப்பதுக்கும் இடையிலதான் பதிஞ்சிரிக்கீங்க."

அந்தச் சனியன் நேரத்தையும் குறிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எங்கட கொப்பியெண்டா எறிஞ்சிருப்பீங்க. நான் எறியல்ல. மறுகா முதல்ல இருந்து துவங்குங்க."

பக்கத்தில் இருந்த மனைவி சிரித்த சிரிப்பில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஐந்து கிழமை ஒழுங்காகப் பதிந்தேன். ஆறாவதில் தூக்கம் ஏழு மணி நேரத்திலிருந்து ஐந்தானது, பிறகு நாலரை. உடம்பிலோ ஒரு சோர்வும் இல்லை. மைத்துனனின் வயலுக்குத் தண்ணீர் கட்டப் புதிய சூத்திரம் ஒன்றுகூட உதித்துவிட்டது. அடுத்த கிளினிக்குக்குப் பத்து நாள். பூச்சியம் போட்டால் திறப்பு கையில். உள்ளதைப் போட்டால் எப்போது கிடைக்குமோ. விரல் பூச்சியத்தின் மேல் வெகுநேரம் நின்றது. ஆனால் நாலரையை ஏழு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உள்ளதையே போட்டு மனைவியிடம் நீட்டினேன்.

"என்னப்பா, மேல மூண்டா?"

"ஓம். நாலு இருந்தா நாலு போட்டிருப்பன்."

"அப்ப வெளிக்கிடுங்க."

அன்றே டொக்டரைப் பார்த்தோம். மருந்தை மாற்றினார். இரண்டு கிழமையில் தூக்கம் திரும்பியது. சூத்திரம் மறந்து போனது. மைத்துனனின் பயிர் தப்பியது.

அடுத்த முறை டொக்டர் என் வரைபடத்தில் அந்த உச்சியைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் எனக்கு வேணும், சேர். அக்கா, திறப்பைக் குடுங்க. கிட்டத்துல ஓடட்டும்."

மனைவி மறுபேச்சில்லாமல் கைப்பையைத் திறந்து எடுத்துத் தந்தாள். வீடு வரும்வரை பஸ்ஸில், உண்மை பேசுவதன் பயன் பற்றி அவளுக்கு விளக்கினேன். வந்ததும் வண்டியைத் துடைத்தேன். ஒருமுறை முறுக்கியும் பார்த்தேன். உள்ளே போய், "ஹெல்மெட் எங்க?" என்றேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"டொக்டர் திறப்பைத்தான் குடுக்கச் சொன்னவ. ஹெல்மெட்டப் பத்தி ஒண்டும் சொல்லல்ல."