கை தாராளமான காலேஜ்

எனக்குக் கொமட்டிக்கினு வர்ற விஷயம் ரெண்டு. ஒண்ணு கரப்பாம்பூச்சி. இன்னொண்ணு, "தம்பிக்கு டாக்டர் மூஞ்சி"ன்னு யாரோ சொன்னப்ப, ஆமான்னு தலையாட்டிக்கினு நின்ன என் மூஞ்சி. ரெண்டும் ஒரே வருஷத்துல வந்து சேந்துது.

அறுபதுகளோட கடைசி. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டேன். டாக்டராகணும்னா முதல்ல ஒரு வருஷம் பி.யூ.சி. படிக்கணும். அதுல வாங்கற மார்க்கை வெச்சித்தான் மெடிக்கல் சீட்டு. எங்கம்மா அதுக்குள்ளயே செவிலிமேட்டுச் சொந்தக்காரங்ககிட்ட, "மூட்டுவலியா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க, எங்க பையன் பாத்துடுவான்"னு வாக்கு குடுத்துக்கினு இருந்தாங்க.

மெட்ராஸ்ல ஒரு பெரிய காலேஜ்ல எனக்கு எடம் கெடைச்சுது. அங்க படிச்சிக்கினு இருந்த எதிர்வீட்டுப் பையன் பயமுறுத்திட்டான். "அங்க சேராதபா. நூத்துக்கு அம்பது போட்டா வாத்தியார் வீட்ல அன்னிக்கு அடுப்பு எரியாது. அவ்ளோ கை இறுக்கம்." பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துல இன்னொரு காலேஜ் இருந்துது. அங்க பேனா எடுத்துக்கினு போனாலே அம்பதாம்.

எங்கப்பா பட்டுக்கடையில வேலை. தறிக்காரங்க நெய்ஞ்சிக்கினு வர்ற புடவையைப் பிரிச்சிப் பாத்து, எழை அறுந்திருக்குதா, ஜரிகை ஒழுங்கா இருக்குதான்னு குத்தம் சொல்றதுதான் அவர் பொழப்பு. எங்க ஊர்ல ஒரு வழக்கம். எந்தக் கடை தறிக்காரனுக்குப் பாவு நூலும் ஜரிகையும் குடுத்துதோ, அந்தக் கடைதான் புடவையை வாங்கும், அதுதான் குத்தம் பாக்கும். வேற கடைக்காரன் அதைப் பிரிக்கக்கூட மாட்டான்.

"யாரு பாடம் குடுக்கறாங்களோ அவங்கதான மார்க்கும் போடுவாங்க?"ன்னாரு அப்பா. "அப்பறம் எதுக்குடா கை இறுக்கமான கடைக்குப் போவணும்? தாராளமான கடையாப் பாத்து சேரு."

எஸ்.எஸ்.எல்.சி. பேப்பர் வெளியூருக்குப் போய்த் திருத்தி வந்தது எங்களுக்குத் தெரியாமயில்ல. அது பள்ளிக்கூடம், துப்பு கெடையாது, அனுப்பறாங்க. காலேஜ்னா பெரிய கடை, சொந்தமாவே பாத்துப்பாங்கன்னு முடிவு பண்ணிட்டோம். அவர் அப்படி நெனச்சதுகூட பரவால்ல, காலேஜ் வாசலை மிதிக்காதவரு. அங்க படிக்கப் போனது நான்.

சேந்தேன். சொர்க்கம்தான். விலங்கியல் வாத்தியார் கேப்பாரு, "கரப்பாம்பூச்சி கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் சார்."

"பேஷ். பத்துக்கு எட்டு."

"ரெண்டு கொண்டாந்தேன் சார்."

"அப்ப ஒம்போது."

அறுக்கறதெல்லாம் அட்டெண்டர் அறுத்துடுவாரு. நாங்க மூக்கைப் பொத்திக்கினு படம் போடணும். நான் போட்ட பூச்சிக்கு எட்டுக் காலு. அதுக்கும் 'குட்'.

எங்க தெருவுல கரப்பாம்பூச்சின்னா எமன். கஞ்சி போட்ட பட்டைக் கடிச்சே பாழாக்கிடும். ஊரே செருப்பால அடிக்கற பூச்சியை நான் ஊறுகா பாட்டில்ல போட்டு வளத்தேன். மூடியைத் தொறந்தா அடிக்கும் பாருங்க ஒரு வாடை, சோறு எறங்காது. அப்பா பாட்டிலைத் தூக்கிப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாரு.

"இது எதுக்குடா?"

"மார்க்குக்குப்பா."

"அப்ப நல்லா கொழுத்ததாப் புடி."

காலேஜே வெச்ச அரைப்பரீட்சையில விலங்கியல்ல தொண்ணூத்திரண்டு. அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு குடுத்தாங்க. நான் வீடு வீடாப் போய் நின்னு ஆசீர்வாதம் வாங்கினேன். அதை நெனச்சாத்தான் இப்பவும் வாயில எச்சில் புளிக்குது.

கடைசிப் பரீட்சை வந்துது. லேபுல நம்ம வாத்தியார் ஓரமாக் கைகட்டிக்கினு நிக்கறாரு. நடுவுல முன்னபின்னப் பாக்காத ஒரு ஆளு, கண்ணாடி போட்டுக்கினு.

"யாருங்க அது?"ன்னு அட்டெண்டரைக் கேட்டேன்.

"வெளியூர் எக்ஸாமினர்பா. அவருதான் மார்க் போடுவாரு. எழுதற பேப்பரும் வெளியூர்தான் போவும்."

 இருந்தாலும் பழக்கம் விடலை. பாட்டிலை அவர் முன்னாடி வெச்சேன். "மூணு கொண்டாந்திருக்கேன் சார்."

அவரு பாட்டிலைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "கொழம்பு வெக்கவா? ஒண்ணை எடுத்து அறு."

முதுகா வயிறான்னே தெரியாம கத்தியை வெச்சேன். வெள்ளையா, கொழகொழன்னு, சீழ் மாதிரி என்னமோ வந்துது. அதோட வாடையும் வந்துது. காலையில தின்ன இட்லி மொத்தமும் அந்த ட்ரேயிலயே போச்சி.

அந்த மனுஷன் அசையலை. பென்சிலால ட்ரேயைத் தொட்டுக் கேட்டாரு: "இதுல எது பூச்சியோடது, எது உன்னுது?"



விலங்கியல்ல முப்பத்தெட்டு வந்துது. மெடிக்கல் சீட்டுக்கு அப்ளை பண்றதுகூட வெக்கக்கேடுன்னு ஆயிடுச்சி. அப்பா மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"யாரு பாத்தது?"

"வெளியூர்க்காரங்கப்பா."

"நம்ம சரக்கை வெளியூர்க்காரன் ஏன்டா பிரிச்சான்?" அவருக்கு நெஜமாவே புரியலை. பட்டுக்கடையில அது நடந்திருந்தா ரகளையாயிருக்கும்.

அம்மா பின்பக்கம் போய் பாட்டிலைக் கவுத்து, மிச்சம் இருந்த பூச்சிங்களைச் செருப்பால அடிச்சாங்க. சாம்பல் போட்டு, சுடுதண்ணி ஊத்தி, மூணு நாள் வெயில்ல காய வெச்சாங்க. அப்பறம் அதுல எலுமிச்சங்கா ஊறுகா போட்டாங்க. இனிமே இந்த வீட்ல டாக்டர் கெடையாதுன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சிது.

அந்த ஊறுகாயை அப்பா நல்லாத்தான் சாப்பிட்டாரு. எனக்கு இன்னிவரைக்கும் மோர்சாதம் வெறும் மோர்சாதம்தான்.