காலிப் பக்கத்துக்குக் கையெழுத்து இல்லை

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மின்விசிறி துடைத்தது. அம்மா ஸ்டூல் மேல் நின்றாள்; மகள் ஸ்டூலைப் பிடித்திருந்தாள். அலமாரி மேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அம்மாவின் ஆபீஸ் மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரே ஒரு வரி. அதுக்காக ரெண்டு வாரமா ஒப்புதல் கையெழுத்துப் போடாம சாஃப்ட்வேர் ரிலீஸை நிறுத்தி வெச்சிருக்கீங்க."

"அந்த வரியை எழுதின மகராசியே நான்தான் சார். ஒன்பது வருஷம் முன்னாடி, புத்தி கெட்டுப் போய். அதனாலதான் தூக்குங்கன்னு சொல்றேன்."

அம்மா கம்ப்யூட்டரின் அடிமட்ட மென்பொருளான கெர்னலுக்கு டிரைவர் எழுதுகிறவள்; கம்ப்யூட்டரில் செருகும் கார்டுகளை இயக்கும் புரோகிராம் அது. ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களைக் கணக்கிடும் கார்டுக்குத் தனி மெமரி உண்டு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் கை அங்கே எட்டாது. வேலை வேகமாக நடக்க, தகவல் பக்கம் பக்கமாகக் கார்டுக்குக் குடிபோகும். பிராசசர் ஒரு பக்கத்தைத் தொட்டால், டிரைவர் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கார்டே நடுவில் செத்துப்போனால்? அம்மாவின் பழைய வரி, சத்தமில்லாமல் ஒரு காலிப் பக்கத்தை நீட்டும். புரோகிராம் அதை நிஜமென்று நம்பும். நோயாளியின் உடம்பில் கட்டி இருந்த இடம் படத்தில் வெறும் கறுப்பாக வரும்.

"அந்த வரியைத் தூக்கினா, கார்டு சாகும்போது புரோகிராம் பாதியில நின்னுடும். ஆஸ்பத்திரிக்காரங்க கத்துவாங்க, மேடம்."

"கத்தட்டும். போனது போயிடுச்சுன்னு சொல்லுங்க. இல்லாததை இருக்குன்னு நீட்டாதீங்க." பிறகு கீழே பார்த்து, "நீ என்னடி வாயைப் பார்க்கிறே? ஸ்டூல் ஆடுது."

மூன்றாம் நாள், வியாழன், ஆபீஸ் மாடிப்படியில் அம்மாவின் இதயம் நின்றது.

பத்து நாள் கழித்து மேனேஜர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா இருந்திருந்தா கடைசியில ஒத்துக்கிட்டிருப்பாங்க. பழைய வரியோடயே விடறோம். ஒப்புதல் அவங்க பேர்லயே இருக்கட்டும், ஒரு மரியாதையாவும் இருக்கும். நீங்களும் இதே தொழில்தானே, உங்களுக்குப் புரியும்."

"நல்லாவே புரியுது சார். அவங்க பேரைப் போடாதீங்க. போட்டா, அவங்க மறுத்து எழுதின மெயில் அத்தனையும் அந்த ஆஸ்பத்திரிக்கு நானே அனுப்புவேன்."

"அம்மா மாதிரியே பேசுறீங்களே."

"வேற யார் மாதிரி பேசணும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மகள் அம்மாவின் கைப்பையை மடியில் கவிழ்த்தாள். சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டு, அம்மாவின் கோழிக்கிறுக்கலில்:

"வெள்ளி. லேபுக்குப் போகணும். மேனேஜரை எதிரே உட்கார வெச்சு, கார்டைச் சாகடிச்சுக் காட்டணும். கட்டி எங்கேன்னு அவரே தேடட்டும்."