மாப்பிள்ளைப் பலகை

சுதந்திரம் கிடைத்த வருடம் எங்கள் ஊர் காஜா பேராங் திடலில் ராட்டினமும் கடைகளுமாக ஃபன்ஃபேர் போட்டார்கள். அங்கே ஒரு படக்காரர், மாப்பிள்ளையையும் மணப்பெண்ணையும் ஆளுயரப் பலகையில் வரைந்து, முகம் வரும் இடத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்தார். நாம் பின்னால் நின்று முகத்தை நுழைத்தால் அவர் முன்னாலிருந்து படம் எடுப்பார்.

தையல் வகுப்புத் தோழியும் நானும் போனோம். அவள் குள்ளம். மணப்பெண் ஓட்டை அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்கு மிஞ்சியது தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை. முகத்தை நுழைக்கும் முன் நெற்றிப் பொட்டை அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

"தலைய ஆட்டாதம்மா" என்றார் படக்காரர். சிரிக்கச் சொல்லாதவரைக்கும் நல்லது.

படத்தைக் கழுவியபிறகு தூரிகையால் எனக்கு மெல்லிய மீசையும் வைத்து, பஸ் ஸ்டாப்பருகே இருந்த தன் ஸ்டூடியோக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றிருப்பேனா, தெரியாது.

ஒரு நாள் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்பாவோடு திரும்பும்போது அந்தக் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பாவுக்கு நான் மூன்றாவது பெண். எனக்குப் பின் யாரும் இல்லை. அவர் கண்ணாடியருகே போய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யார் வூட்டுப் பையனோ. மூஞ்சில என்னா களை பாரு. நமக்கும் இப்படி ஒருத்தன் பொறந்திருக்கலாம்."

நானும் பார்த்தேன்.

"பஸ் வந்துருச்சுப்பா" என்றேன்.